சாக்பீஸைக் கீழே வையுங்கள்: ஆலய அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

பர்மாவின் பழைய தலைநகரான பகானுக்கு ஆண்டுதோறும் யாத்திரை நடத்தும் அறங்காவலர் பெருமக்களுக்கும் விழா மலர்க் குழுவினருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு மலரின் நடுப்பக்கப் படம் பற்றியது இம்மடல். படத்தை நீங்கள் அறிவீர்கள். இளைஞர் அணிப் பிள்ளைகள் நால்வர் ஒரு கல்லின் முன் உட்கார்ந்து, சாக்பீஸால் எழுத்துகளை நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள். கீழே கொட்டை எழுத்தில் ‘பகானை வென்ற சோழனின் கல்வெட்டு’. பிள்ளைகள் மேல் குற்றமில்லை. கூட்டிப் போனவர்கள் சொன்னதைச் செய்திருக்கிறார்கள். ஆனால் ஐயா, அந்தக் கல்லில் இருப்பது தமிழே அல்ல, பர்மியம். பகான் காலத்துப் பர்மிய எழுத்து இன்றைய பஸ் பலகை எழுத்தைப் போல வட்டமாக இருக்காது, கட்டம் கட்டமாக இருக்கும். தெரியாதவர் கண்ணுக்கு ஏதோ பழைய எழுத்து. பழையது என்றால் நம்முடையது, நம்முடையது என்றால் சோழனுடையது என்று தலைப்பு எழுதியவர் முடிவு கட்டிவிட்டார்.

பகானில் தமிழ்க் கல்வெட்டு உண்டு. கிடைத்த இடம் மியின்பகான். எழுத்தமைதியை வைத்து 13-ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். தொடக்கத்தில், வடமொழி எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்தில், முகுந்தமாலை என்ற திருமால் துதியின் செய்யுள் ஒன்று, அதன் பின் தமிழ் உரைநடை. மலைமண்டலத்து மாகோதையர் பட்டினத்து இராயிரன் சிறியான் என்ற குலசேகர நம்பி, புக்கம் (அதாவது பகான்) என்ற அரிவட்டனபுரத்தில் நானாதேசி விண்ணகராழ்வார் என்ற திருமால் கோயிலுக்கு ஒரு மண்டபம் கட்டி, கதவு போட்டு, அணையாமல் எரிய ஒரு நிலைவிளக்கும் வைத்தேன் என்கிறார். அவ்வளவுதான் செய்தி. எந்த அரசனும் இல்லை. படையும் இல்லை. கொடுத்தவர் சோழநாட்டவர்கூட அல்லர். மேற்குக் கரைக் கொடுங்கல்லூர்ப் பக்கத்து மனிதர். நானாதேசி என்பது பல நாட்டு வணிகர் குழு. கப்பலேறி வந்து, ஐராவதி வழியே மேலே போய், அந்நிய அரசனின் தலைநகரில் தங்கள் பெருமாளுக்கு ஒரு கோயிலை வைத்து வாழ்ந்த வணிகர்கள். யாங்கோனிலும் மோல்மேனிலும் கோயில் கட்டிய நம் முன்னோருக்கு இதைவிட நெருங்கிய உறவு வேறு எங்கே கிடைக்கும்? இதை விட்டுவிட்டு இல்லாத வெற்றியை ஏன் தேடிப் போகிறீர்கள்?

இராசேந்திர சோழன் கடாரம் கொண்டது 1025 வாக்கில். கடாரம் என்பது மலேயாக் கரையில் உள்ள கெடா. மெய்க்கீர்த்தியில் வரும் மாப்பப்பாளம் கீழ்ப் பர்மாக் கரையோரமாக இருக்கலாம் என்று சில அறிஞர்கள் கருதியதுண்டு. அப்படியே இருந்தாலும் அது கடலோரத் துறைமுகம்; பகான் ஆற்றில் வெகு தொலைவு உள்ளே. கீழ்ப் பர்மாவின் பெகுவில் கிடைத்த இரண்டு தூண்களை இராசேந்திரன் நாட்டிய வெற்றித் தூண்கள் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள், பிறகு அந்தக் கருத்தும் கைவிடப்பட்டது. மலரில் அந்தத் தூண்களும் இருக்கின்றன, முழுப்பக்க அளவில்.

இதனால் அடிபடுவது யார் தெரியுமா? கோடைத் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகள். பள்ளியில் பகான் அரசர்களான அனோரதா 1044-இல் அரியணை ஏறியதையும், சன்சித்தா ஆண்டதையும் பாடமாகப் படிக்கிறார்கள். மலரைப் படித்துவிட்டுப் போய் ‘பகானை எங்கள் சோழன் பிடித்தான்’ என்று வகுப்பில் சொன்னால் என்ன நடக்கும்? ஆதாரம் எங்கே என்று பர்மியப் பிள்ளை கேட்கும், நம் பிள்ளையிடம் சாக்பீஸ் பூசிய ஒரு பர்மியக் கல்லின் படம்தான் இருக்கும். இந்திய வழியினரை இழித்துச் சொல்லும் ‘கலா’ என்ற சொல்லால் கேலி பேசக் காத்திருப்பவர்களுக்கு, படையெடுத்து வந்தவர்களின் வாரிசு நாங்கள் என்று நாமே எழுதிக் கொடுக்கிறோம். விளக்கு வைக்க வந்த குடி என்று சொல்ல நம்மிடம் கல்லே சாட்சியாக இருக்கும்போது!

ஆகவே எங்கள் கோரிக்கை: அந்தப் பக்கத்துக்குத் திருத்தம் வெளியிடுங்கள், உண்மையான தமிழ்க் கல்வெட்டின் சரியான படியை ஆலய மண்டபத்தில் மாட்டுங்கள்.

சாக்பீஸ் ஏன் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறோம், அடுத்த யாத்திரையிலும் இது நடக்கக்கூடாது என்பதற்காக. சுண்ணத்தூள் கல்லின் நுண்துளைகளில் இறங்கிவிடும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் இன்னும் உள்ளே போகும். கம்பித் தூரிகையால் தேய்த்தால் எழுத்தின் விளிம்பும் சேர்ந்து போகும். அதைவிடப் பெரிய கேடு, நிரப்புகிறவர் தமக்குத் தெரிந்த எழுத்தையே நிரப்புவார். அக்காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி இருக்காது, எகர ஏகார வேறுபாடு தெரியாது, ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவம். வரியின் பொருளைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். ஒருவர் அவசரமாகக் கோடு இழுத்துவிட்டால், பின்னால் வருபவர் கல்லைப் படிக்கமாட்டார், சாக்பீஸைத்தான் படிப்பார்.

முறையான மைப்படி, அதாவது தாளில் மை ஒற்றிக் கல்லெழுத்தின் நகல் எடுப்பது, வேறு வேலை. கல்லை மென்மையான நார்த் தூரிகையால் துடைத்து, நனைத்த தாளை ஒட்டி, நீளமயிர்த் தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அடித்துக் காற்றுக் குமிழ்களை வெளியேற்ற வேண்டும். தாள் எழுத்துப் பள்ளங்களில் இறங்கி, அரை ஈரத்தில் இருக்கும்போது மை ஒற்ற வேண்டும். மேடு கறுக்கும், எழுத்து வெள்ளையாக நிற்கும். ஈரம் அதிகமானால் மை தாளைக் கடந்து கல்லில் கறையாகும். அதிகம் காய்ந்தால் தாள் கிளம்பி எழுத்து இரட்டையாக விழும். பொரிந்து உதிரும் கல்லில் இதைத் தொடவே கூடாது. அனுமதியின்றி யாரும் செய்யவும் கூடாது.

உங்களுக்கு இத்தனை பாடு தேவையில்லை. பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம் எழுதிச் சாய்வெளிச்சப் படம் கேளுங்கள். அறை விளக்கை அணைத்து, ஒரே விளக்கைக் கல்லின் பக்கவாட்டில் ஏறக்குறைய கல்லோடு ஒட்டினாற்போல் பிடித்தால், பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து தானே எழும்பும். கேமரா கல்லுக்கு நேராக ஸ்டாண்டில் நிற்க வேண்டும், ஓரத்தில் அளவுகோல் இருக்க வேண்டும். வெளிச்சத்தை இடம், வலம், மேல், கீழ் என மாற்றி நான்கு படம் எடுத்தால் போதும். ஒன்றில் மறையும் கோடு இன்னொன்றில் தெரியும். கல்வெட்டின் வாசகமோ எபிகிராபியா இண்டிகா என்ற கல்வெட்டு ஆய்விதழின் 7-ஆம் தொகுதியில் (1902–03) ஹுல்ட்ஷ் பதிப்பித்து அச்சாகி நூறாண்டுக்கு மேல் ஆகிறது. படத்தின் பக்கத்தில் வரிக்கு வரி அந்த வாசகம், அதன் கீழ் சொல் பிரித்த வடிவம், அதற்கும் கீழே பர்மிய மொழிபெயர்ப்பு. பேரப்பிள்ளைகளில் பலருக்குப் பர்மியம்தானே முதலில் கண்ணில் படுகிறது.

நட்லாங் சௌங்கைப் பற்றியும் ஒரு சொல். பழைய பகான் மதிலுக்குள் நிற்கும் அந்த விஷ்ணு கோயிலைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், வெளிச்சுவர் மாடங்களில் அவதார உருவங்கள் இருக்கின்றன. ஆனால் கல்வெட்டு சொல்லும் விண்ணகரம் அதுதான் என்று அடித்துச் சொல்லாதீர்கள். கல்லில் அதற்குச் சான்றில்லை.

இன்னொன்று. பகான் என்ற பெருங்காலத்துக்கு மலரில் நான்கே வரி. பாலி, மோன், பியூ, பர்மியம் என முகத்துக்கு ஒரு மொழியாக நான்கு முகத்திலும் ஒரே செய்தியைப் பொறித்த மியசேதித் தூண் அங்கேதான் இருக்கிறது. அதற்கு அருகில் 1113-ஐ ஒட்டிக் கட்டிய குப்யவுக்ஜி கோயிலில், சுவரோவியங்களுக்குக் கீழே மோன் மொழியில் விளக்கம் எழுதியிருக்கிறது. சத்தநீதி என்ற பாலி இலக்கணத்தை அக்கவம்சர் 1154-இல் அந்த ஊரில்தான் முடித்தார். அப்படி நான்கு மொழி புழங்கிய நகரத்தில் தமிழுக்கும் ஒரு கல் கிடைத்தது பெருமையில்லையா? பெருமைக்கு வாள்தான் வேண்டுமா? மலருக்கு ஆர்ட் பேப்பர், வாசலுக்கு இருபதடி ஃபிளெக்ஸ், ஒலிபெருக்கிக்குப் புது ஆம்ப்ளிஃபையர். நூலக அலமாரியின் சாவி மட்டும் யாரிடம் இருக்கிறது என்று எவருக்கும் தெரியவில்லை. கறையானுக்குத் தெரிந்திருக்கிறது.

கோபத்தில் எங்கோ போய்விட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வண்டி அமர்த்தி, சோறு கட்டிக் கொடுத்து அழைத்துப் போகாவிட்டால் இந்தப் பிள்ளைகள் பகானைப் பார்க்கவே மாட்டார்கள் என்பதை நன்றாக அறிவோம். அதனால்தான் உங்களிடமே பணிந்து கேட்கிறோம். மலரின் மீதிப் பிரதிகளை வெளியே கொடுக்கும் முன் ஒரு திருத்தச் சீட்டு ஒட்டுங்கள். உண்மையான கல்வெட்டின் படியைக் கோடை வகுப்பு தொடங்கும் முன் மண்டபத்தில் மாட்டுங்கள். வாசகத்தைச் சரிபார்க்கவும் சொல் பிரிக்கவும் எங்களில் இருவர் வருவார்கள். பர்மிய மொழிபெயர்ப்பையும் நாங்களே செய்து தருகிறோம். படத்துக்குச் சட்டம் போடும் செலவை மட்டும் ஆலயம் ஏற்றுக்கொள்ள வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கோடைத் தமிழ் வகுப்பு ஆசிரியர்கள் சிலர்,
யாங்கோன்