பாட்டு எங்கேடா என்று கேட்ட சித்தப்பாவுக்கு

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் முட்டிவலியைப் பற்றியும் பெரம்பூரில் தேங்கிய தண்ணீரைப் பற்றியும் சித்தியிடம் போனில் விசாரித்துவிட்டேன், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். 2014 நவம்பரில் நம் இருவருக்கும் ஒரு சண்டை ஆரம்பித்துப் பாதியிலேயே நின்றுபோனது. ஞாபகம் இருக்கிறதா? உங்களுக்கு இருக்காது. எனக்கு இருக்கிறது.

அன்றைக்கும் மழை. உங்கள் வீட்டு ஹாலில் லேப்டாப்பைத் திறந்து பிங்க் ஃபிளாய்டு என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 'தி எண்ட்லெஸ் ரிவர்' போட்டேன். இருபது வருஷம் கழித்து வந்திருக்கிற ஆல்பம் சித்தப்பா என்று நான் குதிக்காத குறைதான். நீங்கள் உப்புமாத் தட்டோடு வந்து உட்கார்ந்தீர்கள். பத்து நிமிஷம் பொறுமையாகக் கேட்டீர்கள். அப்புறம், "இன்னும் சுருதியே சேத்து முடிக்கலையாடா? பாடகர் எங்க, கணேசபுரம் சுரங்கப்பாதையில மாட்டிக்கிட்டாரா? பாட்டு எங்கேடா?" என்றீர்கள். சித்தி சமையலறையிலிருந்து சிரித்தார். நான் லேப்டாப்பை மூடிவிட்டேன்.

சரி, அப்படிக் கேட்டது நீங்கள் மட்டுமில்லை. ஆல்பம் பிரிட்டனில் வந்த முதல் வாரமே முதலிடம், அமெரிக்காவில் மூன்றாமிடம். ஆனால் விமர்சகர்கள் ஒரு மாதிரியாகத்தான் பேசினார்கள். கௌரவமான விடைபெறல் என்று சிலர் எழுதினார்கள். மற்றவர்கள், பழைய டேப்பில் மிச்சம் மீதியாகக் கிடந்ததைச் சுரண்டி எடுத்துச் சூடுபண்ணிப் பரிமாறிவிட்டார்கள் என்று எழுதினார்கள். சுண்டக் குழம்பு சாப்பிட்டறியாதவர்கள், விடுங்கள்.

பழைய டேப் என்பது மட்டும் உண்மை. 1993-இல் கிடார் டேவிட் கில்மர், டிரம்ஸ் நிக் மேசன், கீபோர்டு ரிச்சர்ட் ரைட் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து, பாட்டு என்று எதையும் தீர்மானிக்காமல் நாள்கணக்கில் வாசித்துப் பார்த்தார்கள். தேம்ஸ் நதியில் நிற்கும் படகுவீடு ஒன்றில் கில்மரின் ஸ்டூடியோ இருக்கிறது; அங்கேயும் கொஞ்சம் நடந்தது. அதில் தேறியதை வைத்து அடுத்த வருஷம் 'தி டிவிஷன் பெல்' ஆல்பம் வந்தது. மீதி மணிக்கணக்கில் டேப்பிலேயே தூங்கியது. 2008 செப்டம்பரில் ரைட் புற்றுநோயில் இறந்தார், வயது 65. மிச்சமிருந்த இருவரும் அந்த டேப்புகளை எடுத்து, வெட்டி, ஒட்டி, மேலே புதிதாக வாசித்துச் சேர்த்ததுதான் நான் உங்களுக்குப் போட்டது. பதினெட்டு துண்டுகள். முழுதாகப் பாடியிருப்பது ஒன்றே ஒன்று, அதுவும் கடைசியில்.

எனக்கும் குறை உண்டு. விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்கின் இயந்திரக் குரலை 1994-லேயே பயன்படுத்திவிட்டார்கள், மறுபடியும் எதற்கு? மேகத்தின் மேல் ஒருவன் துடுப்புப் போடும் அட்டைப்படம் நகைக்கடை காலண்டர் மாதிரி இருக்கிறது (வரைந்தவர் பதினெட்டு வயது எகிப்துப் பையன், அதனால் அவரைத் திட்ட மனசு வரவில்லை). 'அலோன்ஸீ' என்று இரண்டு துண்டுகள் வருகின்றன. அவர்களுடைய பழைய ஆல்பம் 'தி வால்' காலத்துச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியது போல இருக்கும். இதில் குழுவின் பழைய பேஸ் கிடார்க்காரர் ரோஜர் வாட்டர்ஸ் பாடு வேறு. அவர் குழுவை விட்டு விலகியது 1985-இல். இந்த ஆல்பத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று அவரே எழுதி வைக்க வேண்டியதாயிற்று.

ஆனால் நான் சொல்ல வந்தது ரைட்டைப் பற்றி. அந்தக் குழுவின் கீபோர்டுக்காரர். 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' உங்களுக்குப் பிடிக்கும். அதில் ஒரு பெண் வார்த்தையே இல்லாமல் கதறிப் பாடும் இடத்தில், "இதுக்குக் கீழ பியானோ போட்டவன் யாருடா" என்று கேட்டீர்களே, அவர்தான். 1979-இல் 'தி வால்' ஒலிப்பதிவின்போது அவரைக் குழுவைவிட்டு வெளியேற வைத்தார்கள். பிறகு அதே ஆல்பத்தின் மேடை நிகழ்ச்சிகளுக்குச் சம்பளத்துக்கு வாசிக்கக் கூப்பிட்டார்கள். போனார். அந்த நிகழ்ச்சிகளில் பெருத்த நஷ்டம். நஷ்டம் முழுவதும் முதலாளிகளான மற்ற மூவர் தலையில் விழ, கையில் காசோடு வீட்டுக்குப் போனவர் இவர் ஒருவர்தான். 1987 ஆல்பத்திலும் சம்பள ஆள்தான். 1994-இல்தான் பழையபடி பெயர் வந்தது.

இந்தக் கதை உங்களுக்குப் புதிதாக இருக்காது. மைனஸ் ஒன் ட்ராக் (பாடகர் குரல் மட்டும் இல்லாமல் பதிவு செய்த பாட்டு) வந்த புதிதில் இனிமேல் கீபோர்டு தேவையில்லை என்று சொன்ன உங்கள் கச்சேரிக் குழுவே, மூன்று மாதம் கழித்து ஒரு நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று பேசி உங்களைத் திரும்பக் கூப்பிட்டது. பெயர் வேண்டாம். நீங்களும் போனீர்கள். காசோடு வந்தீர்களா என்பது சித்திக்குத்தான் தெரியும்.

அதற்கும் முன்னால் ஒரு ஆடி மாதம். புளியந்தோப்பில் அம்மன் கோயில், கூழ் வார்த்த அன்றைக்கு ராத்திரி கச்சேரி. எனக்குப் பத்து வயது. மேடையில் உங்களுக்குப் பின்னால், வயர் சுற்றிவைத்த பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன். பாடகர் வரவில்லை. "நீ கொஞ்ச நேரம் ஓட்டுப்பா" என்று யாரோ உங்கள் காதில் சொல்லிவிட்டுப் போனார். ஸ்பீக்கரில் ஜெனரேட்டர் உறுமல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. நீங்கள் தலையைச் சாய்த்துக் கேட்டீர்கள். "அஞ்சு கட்டையில உறுமுதுடா, கொஞ்சம் தூக்கலா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, ட்யூன் பட்டனைத் தட்டித் தட்டி உங்கள் யமஹா கீபோர்டை அந்த உறுமலோடு சேர்த்தீர்கள். இடது கை ஸ்டிரிங்ஸை அமுக்கியபடி அப்படியே இருந்தது. வலது கை மட்டும் மோகனத்தில் மெதுவாக, ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒருவன் டீ குடித்துவிட்டு வரலாம் போல, அவ்வளவு நிதானமாக நகர்ந்தது. ஜெனரேட்டர் தம்பூரா ஆகிவிட்டது. இருபது நிமிஷம் இருக்கும். அதற்குமுன் நான் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை.

அப்போதுதான் கீழேயிருந்து ஒருவர் கத்தினார்: "அண்ணே, பாட்டு போடுங்கண்ணே!"

நீங்கள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். பாடகர் வந்து எல்.ஆர். ஈஸ்வரி பாட்டை எடுத்ததும் கூட்டம் ஆட ஆரம்பித்தது. உங்கள் கை தன்பாட்டுக்கு வேகத்தை மாற்றிக்கொண்டது.

2014-இல் உப்புமாத் தட்டோடு நீங்கள் கேட்டதும் அதே கேள்வி. அன்றைக்கே சொல்லியிருப்பேன், சித்தி சிரித்ததில் வாய் வரவில்லை.

அந்த ஆல்பம் பழைய இசைத்தட்டு மாதிரி நாலு பக்கமாகப் பிரிந்திருக்கிறது. முழுவதையும் கேட்கச் சொல்லவில்லை. மூன்றாவது பக்கம் மட்டும் போதும். ரைட்டின் பியானோவோடு ஆரம்பிக்கும். நடுவில், நான் குறை சொன்ன அந்த இரண்டு 'அலோன்ஸீ'க்கும் இடையில், 'ஆட்டம் சிக்ஸ்டி எய்ட்' (Autumn '68, நம்ம ஊர் ஆட்டம் இல்லை, இலையுதிர்காலம்) என்று ஒன்று வரும். 1969-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் இருக்கிற பிரம்மாண்டமான பைப் ஆர்கனில் ரைட் வாசித்ததை யாரோ டேப்பில் பிடித்து வைத்திருந்தார்கள். நாற்பத்தைந்து வருஷம் கழித்து அதை எடுத்து இங்கே வைத்திருக்கிறார்கள். இரண்டு நிமிஷம்கூட வராது. கில்மரின் கிடார் ஒரு ஓரமாக, ரைட்டின் வழியில் குறுக்கே வராமல் கூடவே போகும். இருபத்தைந்து வயதுக்காரர் வாசிக்கிறார், அறுபத்தெட்டு வயதுக்காரர் பக்கவாத்தியம். இதைக் கேட்டபிறகும் பாட்டு எங்கேடா என்று கேட்டீர்களானால், நான் அதற்குமேல் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வருகிறேன். இந்தத் தடவை லேப்டாப் இல்லை, நல்ல ஸ்பீக்கராகவே எடுத்து வருகிறேன். பீரோவுக்குப் பக்கத்தில் உறை போட்டு நிறுத்தி வைத்திருக்கிற யமஹா மேல் சித்தி துணிமூட்டை வைத்திருப்பார். அதை இறக்கி வையுங்கள். அடாப்டர் வேலை செய்கிறதா என்றும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் வரும் வழியில் ரிச்சி தெருவில் ஒன்று வாங்கிக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
பெட்டிமேல் உட்கார்ந்திருந்தவன்