இங்கே பூட்டிய காரை இங்கேயே திருத்த வழி செய்யுங்கள்

கைத்தொழில் அமைச்சின் மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கும், இலங்கையில் பாகங்களைப் பூட்டிக் கார் செய்து விற்கும் நிறுவனங்களின் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

நான் யாழ்ப்பாணம் கோண்டாவிலில் இருந்து எழுதுகிறேன். போர் முடிந்து ஏ9 பாதை திறந்த காலம் தொட்டு ஹயர், அதாவது வாடகைக் கார், ஓடுகிறேன். கலியாண வீடு, ஆஸ்பத்திரி, பலாலி விமான நிலையம், கொழும்பு என்று கூப்பிட்ட இடத்துக்குப் போய் வருவதுதான் பிழைப்பு. போன புதன்கிழமை, பழுதாகி நிற்கும் என் காருக்கு உதிரிப்பாகம் கேட்டபோது கார் நிறுவனத்தார் தொலைபேசியில் சொன்ன ஒரு வசனம்தான் இந்த மடலை எழுத வைத்தது. "அந்த மொடல் நிப்பாட்டியாச்சு அண்ணை, அந்தச் சாமானுக்கு நாங்கள் இப்ப ஓடர் போடுறேல்லை."

என் கார் உங்களில் ஒருவர் இந்த நாட்டிலேயே பூட்டி விற்றது. நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. ஒருவரை மட்டும் கூண்டில் ஏற்றுவது என் நோக்கம் இல்லை. எனக்கு வேண்டியது எல்லோருக்கும் பொதுவான ஒரு விதி.

அதை ஏன் வாங்கினேன் என்பது உங்களுக்குத் தெரியும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. சொந்தப் பாவனைக்கான கார்கள் மறுபடி வர 2025 பெப்ரவரி ஆயிற்று. இடையில் ஓடித் தேய்ந்த ஜப்பான் கார்களுக்கே புதுக் காரின் விலையைக் கேட்டார்கள். புதிதாக ஒன்று வேண்டும் என்றால் உங்களிடம்தான் வர வேண்டியிருந்தது. நானும் வந்தேன், லீசிங்கில் எடுத்தேன். "எங்கள் நாட்டில் செய்த கார்" என்று நாலு பேரிடம் சொல்லித்தான் ஓடினேன். அந்தப் பெருமை பொய்யில்லை.

ஏழு மாதத்துக்கு முன்னர் பருத்தித்துறையில் இருந்து ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் புறப்பட்டேன். கொடிகாமம் சந்தி தாண்டி ஒரு மைல்கூடப் போகவில்லை, கியர் விழாமல் கார் நின்றது. பின்னுக்கு ஒரு வயசான அம்மா, விடிய விமானம் ஏற வேண்டிய மகன். வேறு ஒருவரைக் கூப்பிட்டு அவர்களை அனுப்பிவிட்டு, காரைக் கட்டி இழுத்துக்கொண்டு கோண்டாவிலுக்கு வந்தேன்.

எங்கள் மெக்கானிக் அண்ணைக்கு அறுபத்தைந்து வயசு. பொனற்றைத் திறந்து அரை மணித்தியாலம் பார்த்துவிட்டு, கியர்ப் பெட்டியைக் கட்டுப்படுத்தும் கொம்பியூட்டரைக் கழற்றிக் கையில் தந்தார். சவர்க்காரப் பெட்டி அளவு. மேலே ஒரு இலக்கம், கீழே வரிசையாக ஊசிகள். "தம்பி, இரும்பெண்டா நான் கடைஞ்சு போட்டுத் தருவன். இது பூட்டின பெட்டி. திறப்பு அவங்களிட்டை இருக்கு" என்றார்.

பிறகு காரை லொறியில் ஏற்றிக் கொழும்பில் உள்ள நிறுவனத்தின் கராஜுக்கு அனுப்பினேன். ஏறக்குறைய 400 கிலோமீற்றர். மூன்று வாரம் வைத்திருந்து, பழுது அந்தப் பெட்டிதான் என்று சொன்னார்கள். அதைக் கோண்டாவிலில் அரை மணித்தியாலத்தில் சொல்லிவிட்டார்கள். சாமான் வெளிநாட்டில் இருந்து வர வேண்டும், வந்ததும் அறிவிப்போம் என்றார்கள். கார் திரும்பவும் லொறியில் வந்தது, அந்தக் கூலியும் என்னுடையது. கொழும்பில் வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஜப்பான் கார் என்றால் பழைய சாமானாவது கிடைக்கும். என் மொடலுக்கு அப்படிப் பழைய சாமான் வருவதில்லை. கழித்த சாமானுக்கு எங்கே போவது?

லீசிங் காசு மட்டும் மாதம் தவறாமல் போகிறது. நாலாம் மாதம் மனைவியின் சங்கிலியை அடைவு வைத்தேன். கராஜில் வேப்பமரத்துக்குக் கீழே நிற்கிற காரின் பின் கண்ணாடியில் என் தொலைபேசி இலக்கம் இன்னும் ஒட்டியபடி இருக்கிறது. வீதியால் போகிறவர்கள் அதைப் பார்த்து எடுத்து ஹயர் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

ஐயாமாரே, யாழ்ப்பாணத்துக்கு வாகனம் திருத்தத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 1990 க்குப் பிறகு பொருளாதாரத் தடையில் பெற்றோல் கண்ணிலும் படாத காலத்தில், ஒஸ்ரின் ஏ40 களையும் மொறிஸ் மைனர்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். காயக்காரரும் பிள்ளைப்பேற்றுக்காரரும் அந்தக் கார்களில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தட்டிவானும் அப்படித்தான். பழைய லொறிச் சட்டத்தின் மேல் எங்கள் தச்சர் பலகையால் உடல் கட்டி, பின்னுக்குத் தட்டி வைத்து, கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையில் ஆட்களையும் வாழைக்குலையையும் சேர்த்து ஏற்றினார்கள். என் மெக்கானிக் அண்ணை தொழில் பழகியது அந்தக் காலத்தில். அப்படிப்பட்டவர் இன்று ஒரு சவர்க்காரப் பெட்டிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அவருக்குத் தெரியாததால் இல்லை. நீங்கள் திறந்து தராததால்.

என் கோரிக்கை இதுதான். ஒரு மொடலின் கடைசிக் கார் விற்ற நாளில் இருந்து பத்து வருடத்துக்கு அதற்குச் சாமான் தருவோம் என்று எழுதித் தாருங்கள். எழுதித் தராதவருக்கு வரிச் சலுகை கொடுக்காதீர்கள்.

சலுகை எதற்காகக் கொடுக்கப்படுகிறது? உள்நாட்டில் பெறுமதி சேர்ப்பதற்காக. ரயர், பற்றரி, இருக்கை, சைலன்சர் எல்லாம் இங்கே செய்வதைக் கணக்கில் எடுக்கிறீர்கள், சரி. ஆனால் இத்தனை வருடத்தில் ஒரு ரயருக்காகவோ பற்றரிக்காகவோ என் கார் ஒரு நாளும் நிற்கவில்லை. நிற்க வைத்தது வெளியில் இருந்து பெட்டியில் வந்த, கணக்கில் வராத சாமான். கார் தொழிற்சாலை வாசலைத் தாண்டியதும் உங்கள் கணக்கு முடிகிறது. எனக்கு அங்கேதான் தொடங்குகிறது. என்னைக் கேட்டால், உள்நாட்டுக் கார் என்றால் உள்நாட்டில் திருத்தக்கூடிய கார். பத்து வருடத்துச் சாமானையும் பெறுமதி சேர்ப்பாக எண்ணுங்கள்.

சனத்தின் விருப்பம் மாறிவிட்டது என்ற கவலை உங்களுக்கு இருக்கும். உண்மைதான். இறக்குமதி திறந்த பிறகு கண் எல்லாம் ஹைபிரிட்டிலும் சீனத்து மின்சாரக் காரிலும் இருக்கிறது. அதில் பிழை சொல்ல ஏலாது. 2022 இல் பெற்றோல் வரிசையில் படுத்தெழும்பி, பிறகு கியூஆர் குறியீடு காட்டி வாரத்துக்கு 20 லீற்றர் வாங்கிய சனம், இனி அந்த வரிசை வேண்டாம் என்று நினைக்கிறது. யாழ்ப்பாணம் மேடு பள்ளம் இல்லாத தரை. நகரத்தில் இருந்து பருத்தித்துறைக்கும் காங்கேசன்துறைக்கும் நாற்பது கிலோமீற்றருக்குள்தான். கூரையில் சூரியத் தகடு போட்ட வீடுகளும் கூடிக்கொண்டு வருகின்றன. சின்ன மின்சாரக் கார் ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எது? நீங்கள் அதைப் பூட்டி விற்றால் வாங்க ஆள் உண்டு. ஆனால் இங்கே கார் வாங்க வருகிறவன் முதல் கேட்பது இரண்டு கேள்வி: "சாமான் எடுக்கலாமோ? வித்தா என்ன விலைக்குப் போகும்?" முதல் கேள்விக்கு உங்களிடம் பதில் இல்லை என்றால் இரண்டாவதற்கும் இல்லை.

மொடல் நிற்பது பாவம் இல்லை. இந்தியாவில் மொறிஸ் ஒக்ஸ்போட்டை அடியாக வைத்துச் செய்த அம்பாசடரும் 2014 இல் நின்றது. 1983 இல் மாருதி 800 வந்த பிறகு சனம் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் போய்விட்டது. ஆனால் அம்பாசடர் வைத்திருந்தவன் நடுத்தெருவில் நிற்கவில்லை. எந்த ஊர் மெக்கானிக்கும் அதைத் திருத்தினான். எங்கள் நாட்டிலும் 1970 களில், இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த காலத்தில், தொழிலதிபர் உபாலி விஜேவர்தன பியற்றும் மஸ்டாவும் பூட்டினார். 1977 இல் பொருளாதாரம் திறந்தது, இன்று அந்தப் பியற் ஒன்றைக் காண்பதே அருமை. கதவு மூடியிருக்கும்போது விற்பது பெரிய காரியம் இல்லை. கதவு திறந்த பிறகும் ஆட்கள் உங்களிடம் வர வேண்டும் என்றால், முன்னர் வாங்கினவன் உங்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும். நான் இன்று என்ன சொல்ல?

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை இருந்தது, பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை இருந்தது. இரண்டும் போரோடு போயின. புதிதாகக் கார் பூட்டும் இடம் என்று நீங்கள் தேடுவதெல்லாம் தெற்கிலும் மேற்கிலும். கிளிநொச்சி அறிவியல்நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் எங்கள் பிள்ளைகள் வாகனத் தொழில்நுட்பம் படிக்கிறார்கள். படித்து முடித்துவிட்டு வேலைக்குக் கொழும்புக்கும் கட்டாருக்கும் பஸ்ஸும் பிளேனும் ஏற வேண்டியிருக்கிறது. விற்கும்போது மட்டும் வடக்கு உங்கள் வரைபடத்தில் இருக்கிறது, திருத்தும்போது வவுனியாவுக்கு அங்கால் நாடே இல்லை. இதை எழுதும்போது கை நடுங்குகிறது. கோபத்தில் எழுத வரவில்லை, மன்னிக்க வேண்டும். தொழிற்சாலை கேட்கவும் வரவில்லை. ஒரு களஞ்சிய அறையும் இரண்டு பயிற்றப்பட்ட பிள்ளைகளும் போதும். யாழ்ப்பாணத்திலோ கிளிநொச்சியிலோ வையுங்கள்.

அதோடு பழுது பார்க்கும் ஸ்கானரின் மென்பொருளையும் திருத்தும் கைநூலையும் வெளிக் கராஜுகளுக்குக் காசுக்காவது கொடுங்கள். இலவசமாகக் கேட்கவில்லை. என் அண்ணை வாங்குவார், நானும் பங்கு போடுவேன்.

அமைச்சின் அதிகாரிகளிடம் மறுபடியும் பணிவாகக் கேட்கிறேன். இனி எந்த நிறுவனத்துக்கும் கார் பூட்ட அனுமதி கொடுக்கும்போதும் புதுப்பிக்கும்போதும், கடைசிக் கார் விற்ற நாளில் இருந்து பத்து வருடத்துக்குச் சாமான் என்ற வாக்குறுதியை எழுத்தில் வாங்குங்கள். ஏற்கெனவே விற்ற கார்களுக்கும் அது சேர வேண்டும். என்னைப் போல வாங்கினவர்கள் புதிதாக வாங்கப் போகிறவர்களைவிடக் குறைந்தவர்கள் இல்லை.

நிறுவனத்தாருக்கு ஒரு வார்த்தை. அந்தப் பெட்டியின் மேலிருந்த இலக்கத்தைப் பிள்ளையின் அப்பியாசக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் களஞ்சியத்தில் எங்காவது ஒன்று கிடந்தால் தயவு செய்து அறிவியுங்கள். விலையைச் சொன்னால் அன்றைக்கே காசு போடுவேன். அடுத்த லீசிங் தவணை பதினைந்தாம் திகதி.

நன்றியுடன்,
கோண்டாவிலில் இருந்து ஒரு ஹயர் கார்ச் சாரதி