பிறந்த அன்றே கனடியர் என்றால், வீட்டுக்கு வர விடுங்கள்

ஒட்டாவாவில் சட்டம் இயற்றும் மதிப்புக்குரிய நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். உரிமைகள், சுதந்திரங்கள் சாசனத்தின் 6ஆம் பிரிவை நான் உங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. கனடாவுக்குள் வரவும், இங்கே இருக்கவும், இங்கிருந்து போகவும் ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிமை உண்டு என்கிறது அது. பேச்சுரிமையைக்கூட 33ஆம் பிரிவைக் காட்டி ஐந்து வருடம் ஒதுக்கிவைக்கலாம். நாட்டுக்குள் வரும் உரிமையை அப்படி ஒதுக்க எந்த அரசாலும் முடியாது. அவ்வளவு உறுதியாக எழுதிவைத்த உரிமை என் பெறாமகளின் கைக்குழந்தைக்கு ஏன் இன்னும் கிடைக்கவில்லை என்று கேட்கத்தான் இந்த மடல்.

பெறாமகள் இங்கே தாதியாக வேலை செய்கிறாள். கனடியக் குடிமகள். யாழ்ப்பாணத்தில் அவளுடைய தாய்க்குக் கடும் சுகவீனம் என்று கேள்விப்பட்டதும், வயிற்றில் பிள்ளையோடு புறப்பட்டுப் போனாள். திரும்பி வந்து இங்கே பிள்ளை பெறுவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் பிள்ளை நாளுக்கு முன்பே அங்கேயே பிறந்துவிட்டது. தாயும் சேயும் சுகம். அதற்கு மேல்தான் எல்லாத் துன்பமும்.

குடியுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி அந்தப் பிள்ளை பிறந்த கணத்திலிருந்தே கனடியர். யாரும் அவளுக்குக் குடியுரிமை வழங்க வேண்டியதில்லை, அது ஏற்கெனவே அவளுடையது. ஆனால் அதை நிரூபிக்கக் குடியுரிமைச் சான்றிதழ் வேண்டும். பிறப்புச் சான்றிதழ், அதன் மொழிபெயர்ப்பு, தாய் தகப்பனின் ஆவணங்கள் எல்லாவற்றையும் சேர்த்து விண்ணப்பித்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சான்றிதழ் வந்த பிறகுதான் கடவுச்சீட்டு. கடவுச்சீட்டு இல்லாமல் எந்த விமானத்திலும் ஏற்ற மாட்டார்கள். சரி, வருகையாளர் விசாவிலாவது கொண்டுவரலாமா என்றால், கனடியருக்குக் கனடா விசா கொடுப்பதில்லை. குடிமகள் என்பதால் விசா இல்லை, குடிமகள் என்பதற்குக் கடதாசி இல்லாததால் விமானமும் இல்லை.

பிறந்த நாடாவது அவளுடையதா? அதுவும் இல்லை. இலங்கைச் சட்டம் பிறந்த மண்ணைப் பார்ப்பதில்லை, பெற்றோரின் குடியுரிமையைத்தான் பார்க்கிறது. கனடியக் குடியுரிமை எடுத்தபோதே தாயும் தகப்பனும் இலங்கைக் குடியுரிமையை இழந்துவிட்டார்கள். ஆகவே யாழ்ப்பாணத்தில் பிறந்த பிள்ளை யாழ்ப்பாணத்திலேயே வெளிநாட்டவள். அவளுக்கு உலகத்தில் இருப்பது ஒரே ஒரு நாடு. அந்த நாடுதான் வெளியே நிறுத்தி வைத்திருக்கிறது.

இதில் என்னை வாட்டுவது ஒன்றுதான். தாய் நாளைக்கே விமானம் ஏறலாம். அவளிடம் கடவுச்சீட்டு இருக்கிறது, ஒருவரும் தடுக்கப்போவதில்லை. பால் குடிக்கிற பிள்ளையை விட்டுவிட்டு வா என்பதுதான் உங்கள் சட்டம் அவளுக்கு விட்டிருக்கும் வழி. வேலைக்குத் திரும்பவேண்டிய நாள் நெருங்குகிறது. இங்கே வாடகை ஓடுகிறது. தகப்பன் விடுமுறை முடிந்து வந்துவிட்டான். பிள்ளை குப்புற விழுந்ததையும் தவழத் தொடங்கியதையும் தொலைபேசித் திரையில்தான் பார்த்தான். இரவு வேலை முடிந்து வந்து, அங்கே பிள்ளை விழித்திருக்கும் நேரம் பார்த்து அழைக்கிறான். ஒரு காலத்தில் போர் எங்கள் குடும்பங்களைப் பிரித்தது. அதிலிருந்து தப்பி வந்து சட்டப்படி வாழ்ந்து குடியுரிமை பெற்ற குடும்பத்தை இப்போது பிரித்து வைத்திருப்பது ஒரு சான்றிதழ் வரிசை.

அவசர விண்ணப்பம் என்று ஒரு வழி இருப்பது எங்களுக்குத் தெரியும். எது அவசரம் என்பதை ஓர் அதிகாரிதான் தீர்மானிக்கிறார். இத்தனை நாளுக்குள் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்று சட்டம் அவரைக் கட்டவில்லை. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, கனடிய உயர்ஸ்தானிகராலயம் இருக்கும் கொழும்புக்குப் போவதென்றால் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். போனாலும் பதில் எப்போது வரும் என்று கேட்க அவளுக்கு ஒரு பிடிமானம் கிடையாது.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. கனடியப் பெற்றோருக்கு வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு, பிறப்புச் சான்றிதழையும் பெற்றோரின் குடியுரிமைச் சான்றையும் காட்டினால், பத்து நாளுக்குள் ஒரு வழிப் பயண ஆவணம் கொடுக்கவேண்டும் என்று சட்டத்தில் எழுதுங்கள். மறுப்பதென்றால் காரணத்தை எழுத்தில் தரட்டும். பிள்ளைக் கடத்தல் நடக்கிறது, அதனால்தான் கவனம் என்பீர்கள். நியாயமான அச்சம். அந்தப் பத்து நாளுக்குள் மரபணுப் பரிசோதனை கேளுங்கள், செலவைக்கூட நாங்களே தருகிறோம். மிச்ச விசாரணையைப் பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகு இங்கே நடத்துங்கள்.

குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, வந்திருப்பவர் குடிமகன் என்று எல்லையில் நிற்கும் அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால் உள்ளே விட்டே ஆகவேண்டும் என்கிறது. ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து நடந்து வந்து உங்கள் எல்லையில் நிற்க முடியாது. ஆவணம் இல்லாதவரை ஏற்றினால் கட்டணம் கட்டவேண்டும் என்று விமான நிறுவனங்களைப் பயமுறுத்தி வைத்திருக்கிறீர்கள். ஆகவே 6ஆம் பிரிவு பொருந்துமா பொருந்தாதா என்பதை நடைமுறையில் முடிவு செய்கிறவர் விமான நிலையத்தில் பயணப்பை நிறுக்கும் ஊழியர்.

இது புதிதும் அல்ல. 2003இல் சூடானில் கைதான கனடியக் குடிமகன் அபுசுஃபியான் அப்தெல்ரஸிக், குற்றம் எதுவும் நிரூபிக்கப்படாத நிலையில், கார்ட்டூமில் உள்ள கனடியத் தூதரகத்திலேயே ஒரு வருடத்துக்கு மேல் தங்கிக் கிடந்தார். 2009 ஜூனில் பெடரல் நீதிமன்றம் 6ஆம் பிரிவு மீறப்பட்டது என்று தீர்ப்பளித்து அவரைக் கொண்டுவர உத்தரவிட்ட பிறகுதான் வந்து சேர்ந்தார். அதே வருடம் கனடியக் குடிமகள் சுவாத் ஹாஜி முகமதுவின் முகம் கடவுச்சீட்டுப் படத்தோடு ஒத்துப்போகவில்லை என்று நைரோபியில் தடுத்தார்கள். மரபணுப் பரிசோதனைதான் அவரை ரொறன்ரோவுக்குக் கொண்டுவந்தது. குடிமக்கள் தங்கள் நாட்டுக்குள் வருவதற்கு ஏன் நீதிபதியும் ஆய்வுகூடமும் தேவைப்படுகிறார்கள்?

அப்புறம், அதே 2009 ஏப்ரலில்தான் வெளிநாட்டில் பிறந்து பெற்றோர் வழியாகக் கனடியரானவருக்கு வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளை கனடியர் அல்ல என்ற எல்லையைப் போட்டீர்கள். அது சாசனத்துக்கு முரண் என்று ஒன்ராறியோ உயர் நீதிமன்றம் 2023 டிசம்பரில் சொன்னது. அரசு மேன்முறையீடு செய்யவில்லை, ஆனால் அவகாசம் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது. ஒரு சட்டமூலம் நாடாளுமன்றக் கூட்டத்தொடர் முடித்துவைக்கப்பட்டதோடு போனது. கடைசியில் அந்த எல்லையைத் தளர்த்தும் சி-3 சட்டம் 2025 டிசம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு நன்றி சொல்கிறேன், மனதாரத்தான். ஆனால் இனிமேல் அப்படி வெளிநாட்டில் பிறந்து தம் பெற்றோர் வழியாகக் கனடியரானவர்கள், தம் பிள்ளையும் வெளிநாட்டில் பிறந்தால், தாம் கனடாவில் 1,095 நாட்கள் இருந்ததைக் காட்டவேண்டும். எங்கள் குழந்தைக்கும் நாளைக்கு இது பொருந்தும். வளரும்போது அத்தனை நாட்களை அவள் எளிதாக எட்டிவிடுவாள்தான். ஆனாலும் நீங்களே வெளியே நிறுத்தி வைத்த நாட்கள் அவள் கணக்கில் சேராது என்பதை நினைத்தால் கோபம் வருகிறது.

மன்னிக்கவேண்டும், கேட்க வந்ததை விட்டு விலகிவிட்டேன். கேட்பது ஒன்றுதான். வெளிநாட்டில் பிறந்த கனடியக் குழந்தைக்குப் பத்து நாளுக்குள் பயண ஆவணம், இல்லையென்றால் எழுத்தில் காரணம். குடியுரிமைச் சட்டத்தை அடுத்தமுறை திருத்தும்போது இதைச் சேருங்கள். அதுவரை காத்திருக்கவேண்டாம் என்று அமைச்சர் நினைத்தால், தன் அதிகாரிகளுக்கு ஓர் அறிவுறுத்தல் கொடுத்து இதே மாதத்திலேயே தொடங்கலாம். உங்களில் யார் இதைச் சபையில் எழுப்பப் போகிறீர்கள் என்று தயவுசெய்து பதில் எழுதுங்கள்.

மரியாதையுடன்,
ஸ்காபரோவிலிருந்து ஒரு கனடியக் குடிமகன்