மிஸ்டு கால் கொடுத்தால் எரியும் விளக்கு

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஒன்றாக ஷிப்டு பார்த்த காலத்தில் லீவு கேட்டு இரண்டு வரி எழுதவே என்னைத்தான் தேடுவாய். கூடலூருக்குத் திரும்பியதும் ஆறு பக்கம் எழுதுகிறாய். எல்லாம் யானை கொடுத்த தமிழ் போலிருக்கிறது.

யானை வந்தால் விரட்ட தோட்டத்தில் சைரன் மாட்டலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். ஏன் என்பதற்கு என் சமையலறைக் கதையே போதும்.

எங்கள் அடுக்குமாடி மலையோரம். காலையில் பசியாறும் நேரம் பார்த்துக் குரங்குக் கூட்டம் இறங்கிவிடும். போன மாதம் ஒரு தாய்க்குரங்கு, வயிற்றில் குட்டி தொங்க, பிஸ்கட் டின்னை மடியில் இடுக்கிக்கொண்டு மூடியைத் திருகித் திறந்தது. என் மாமியாருக்கே அந்த மூடி திறக்க வராது! முதலில் ரப்பர் பாம்பு வாங்கி ஜன்னலில் வைத்தேன். மூன்று நாள் நிம்மதி. நான்காம் நாள் பாம்பு கீழ்வீட்டு ஏர்கான் மேல் கிடந்தது. அப்புறம் அசைவு தெரிந்தால் அலறும் பெட்டி, 35 ரிங்கிட். முதல் வாரம் குரங்கு ஓடியது. அடுத்த வாரம் அது ஓடவில்லை, எங்களுக்குத்தான் தூக்கம் போனது. கடைசியில் ஜன்னலுக்குக் கம்பிவலை அடித்தேன், குப்பைத்தொட்டி மூடியை மோட்டார் சைக்கிளில் சாமான் கட்டும் கொக்கி ரப்பரால் இழுத்துக் கட்டினேன். அதோடு சரி. இப்போது வருகின்றன, பார்க்கின்றன, போய்விடுகின்றன.

சத்தத்துக்குக் குரங்கு பழக ஒரு வாரம். யானையும் அப்படித்தான் பழகிவிடும்.

வால்பாறையில் செய்ததைப் பார். உனக்குப் பக்கத்து மாவட்டம்தான். இயற்கை பாதுகாப்பு அறக்கட்டளைக்காரர்கள் 2002லிருந்து அங்கே யானைகளின் பின்னாலேயே நடந்திருக்கிறார்கள். யானையிடம் சிக்கிச் செத்தவர்களில் பலர், அது பக்கத்தில் நிற்பது தெரியாமலே இருட்டில் எதிரே போய் மாட்டியவர்கள். அதனால் அவர்கள் யானையை விரட்டும் வேலையை எடுக்கவில்லை, ஆட்களுக்குச் சேதி சொல்லும் வேலையை எடுத்தார்கள். உள்ளூர் கேபிள் டிவியில் ஓடும் எழுத்து, செல்போனுக்குக் குறுஞ்செய்தி, தமிழில் பேசும் அழைப்பு, மேடான இடங்களில் போனில் கூப்பிட்டால் எரியும் சிவப்பு விளக்கு. இதை முன்னின்று நடத்திய ஆனந்தகுமாருக்கு 2015ல் காட்டுயிர் பாதுகாப்புக்குக் கொடுக்கும் விட்லி விருது கிடைத்தது.

அந்த விளக்கில் பெரிய வித்தை ஏதும் இல்லை. உள்ளே ஒரு சிம், அழைப்பு வந்தால் தானாகப் போடும் சுவிட்சான ஒரு ரிலே, பேட்டரி, மேலே சோலார் தகடு. நீயும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்துவிடுவோம். கஷ்டம் வேறு இடத்தில். யானை போன பிறகு விளக்கை அணைக்க ஒருவர் வேண்டும். நாலு நாள் சும்மா எரிந்தால் ஐந்தாம் நாள் ஒருவரும் அதை நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள், என் அலறும் பெட்டி கதைதான். பொய்க்கு எரிய வைக்காத, ராத்திரி இரண்டு மணிக்கும் போன் எடுக்கிற இரண்டு பேரை முதலில் பிடி. டீக்கடை அண்ணன் சரிப்படுவார் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. யாரோ வீட்டு லைனிலிருந்து நேராகக் கம்பி இழுத்து வேலி போடப்போவதாக எழுதியிருந்தாய். கையைக் காலைப் பிடித்தாவது தடுத்துவிடு. சோலார் வேலியில் நொடிக்கு ஒருமுறை சுருக்கென்று உதைத்துவிட்டு மின்சாரம் நின்றுவிடும். வீட்டு லைன் அப்படி விடாது, யானையையும் கொல்லும், மாடு ஓட்டிப்போகும் பையனையும் கொல்லும். சட்டப்படியும் குற்றம். சோலார் வேலியே போட்டாலும் கம்பியில் புல் தொடாமல் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மின்சாரமெல்லாம் மண்ணுக்குப் போய்விடும்.

இங்கே தெலுக் பஹாங்கில் 2019ல் சாலைக்கு மேலே ஒரு பாலம் கட்டினார்கள். மனிதர்களுக்கு இல்லை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட லோத்தோங் குரங்குகளுக்கு. செய்த பொருள் தீயணைப்பு வண்டியின் பழைய குழாய். காரில் அடிபடாமல் அதன் மேலேயே சாலையைத் தாண்டுகின்றன. அதைப் பார்த்ததும் உன் ஞாபகம்தான் வந்தது. தொழிற்சாலையில் கழித்துப்போட்ட வயரை எல்லாம் பை நிறைய வீட்டுக்கு அள்ளிப் போவாயே.

சாந்திக்கு முட்டிவலி பரவாயில்லை. மகன் ஜொகூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான்.

நீ சொன்ன அந்த வளைவில், பஸ் நிற்கும் இடத்துக்கு மேலே உள்ள பாறையில் ஏறி நின்று, போனில் சிக்னல் எத்தனை கோடு காட்டுகிறது என்று பார்த்து எழுது. காலையில் ஒருமுறை, மழை பெய்யும்போது ஒருமுறை. அதை வைத்துத்தான் விளக்குக்கு எந்த ஆன்டெனா வேண்டும் என்று சொல்ல முடியும்.

அன்புடன்,
சேகர்