தம்பிக்கு, உன் கிளாஸ் வீடியோ பாத்துட்டு

தம்பி,

நீ அனுப்பின டிரம் கிளாஸ் வீடியோவைப் பாத்தேன், அப்பாவும் பாத்தாங்க, அத்தைக்கும் அனுப்பிட்டேன், கோவிச்சுக்காத. எட்டாங்கிளாஸ் பிள்ளைங்க முப்பது பேரை ஒரே தாளத்துல நிக்க வைக்கறது எவ்வளவு பெரிய வேலைன்னு எனக்குத் தெரியும், ரிட்டயர் ஆகுற வரைக்கும் நானும் அதைத்தானே பாத்தேன். ஒருத்தரையும் டிரம்மைத் தொட விடாம முதல்ல வாயால தகதிமி தகதிமின்னு சொல்ல வெச்ச பாரு, அங்கேயே எனக்கு மனசு நெறஞ்சுடுச்சு. வாயில நிக்காதது கையில நிக்காதுன்னு தாத்தா சொல்றது உனக்கு மறக்கல. அப்புறம் மூணெழுத்துல தகிட, அஞ்செழுத்துல தகதகிடன்னு மாத்தி மாத்தி குடுத்து, கால் மட்டும் ஒரே சீரா நடக்கணும்னு சொன்னதும் நல்லா இருந்துச்சு, மூணும் அஞ்சும் உடம்புக்குள்ள போறது அப்படித்தான், போர்டுல எழுதிப் போட்டா போகாது.

அந்தத் தீர்மானம், அதான் ஒரே சொல்லை மூணு தடவை சொல்லி முடிக்கறது, அதைச் சொல்லிக் குடுத்த இடத்தை நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தேன். எட்டு எண்ணிக்கை ஆதி தாளத்துல, எண்ணிக்கைக்கு நாலு மாத்திரைன்னு கடைசி நாலு எண்ணிக்கைக்கு 16 மாத்திரை, அஞ்சு மாத்திரை ததிங்கிணதோம் மூணு தடவை சொன்னா 15, அப்ப எங்க ஆரம்பிச்சா சமத்துல, அதான் அடுத்த சுத்தோட முதல் அடியில, வந்து சரியா விழும்னு கேட்டுட்டு நீ வாயை மூடிட்டு நின்ன. பின்னாடி நிக்கற பொண்ணு "சார் ஒண்ணு விட்டு எடுக்கணும்"னு கத்தினா. நீயே சொல்லிக் குடுத்திருந்தா அடுத்த வாரம் மறந்திருப்பா, இனிமே மறக்க மாட்டா. உன் வயசுல எனக்கு அந்தப் பொறுமை இல்ல தம்பி.

ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. சத்தம் ஏற ஏற பிள்ளைங்க ஓடறாங்க, நீ அவங்க பின்னாடி ஓடற, நிறுத்த மாட்டேங்கற. அந்த வயசுப் பிள்ளைங்களுக்கு சத்தமும் வேகமும் ஒண்ணாத்தான் வரும். ஒரு ஆவர்த்தனம், அதான் தாளத்துல ஒரு முழு சுத்து, வாசிக்கச் சொல்லு, அடுத்த ஆவர்த்தனம் கையைத் தொடை மேல வெச்சுட்டு உள்ளுக்குள்ளயே ஓட்டச் சொல்லு, திரும்ப சமத்துல எல்லாரும் ஒண்ணா விழணும். யார் ஓடறாங்க யார் இழுக்கறாங்கன்னு அப்பத்தான் தெரியும், அவங்களுக்கே தெரியும். பாதி பேர் வாசிக்கறப்ப மீதிப் பேர் தட்டும் வீச்சும் போடட்டும். சன்னமா வாசிக்க வை, கைக்குக் கட்டுப்பாடு அதுலதான் வரும், கையால தட்டற அந்த ஜெம்பே டிரம்முல டோன்ங்கற உருண்ட அடிக்கும் ஸ்லாப்ங்கற சுளீர் அடிக்கும் வித்தியாசம் சன்னமா வாசிக்கறப்பத்தான் பிள்ளைங்களுக்குப் பிடிபடும், பலமா அடிச்சா எல்லாம் ஒரே டமால்தான். இப்படிச் செஞ்சா காதுக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்.

பிள்ளைங்க காதைத்தான் சொல்றேன். அந்த ரூமைப் பாத்தேன், தரையும் சொவரும் வழவழன்னு இருக்கு, ஒரு கார்ப்பெட் இல்ல, திரைச்சீலை இல்ல, பக்கத்துக் கிளாஸ்காரங்க சொல்றாங்கன்னு கதவு ஜன்னல் எல்லாம் மூடி வெச்சிருக்க, அதுக்குள்ள அத்தனை ஜெம்பே, ரெண்டு டிரம் செட். அமெரிக்காவுல வேலை செய்யற இடத்துப் பாதுகாப்பைப் பாக்கற நியோஷ்னு ஒரு நிறுவனம் இருக்கில்ல, அவங்க கணக்குப்படி 85 டெசிபல் சத்தம்னா ஒரு நாளைக்கு 8 மணி நேரம் தாங்கலாம், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாயிடும், 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி, 100 வந்துட்டா வெறும் 15 நிமிஷம். மூடின ரூம்ல டிரம் செட்டை ஓங்கி அடிச்சா 100ஐத் தாண்டறது பெரிய விஷயமே இல்ல. போன்ல சத்தம் அளக்கற ஆப் இருக்கு, ஒரு நாள் போட்டுப் பாரு, துல்லியமா இல்லன்னாலும் ஒரு அளவு தெரியும்.

பிள்ளைங்க ஒரு பீரியட் இருந்துட்டுப் போயிடுவாங்க தம்பி. அடுத்த கிளாஸ் வரும், அவங்களும் போயிடுவாங்க. அந்த ரூம்ல நாள் பூரா நிக்கறது நீ ஒருத்தன்தான். சாயங்காலம் டிரம் டீம் ரிகர்சல் வேற, லீவு நாள்ல உன் பேண்டு வேற.

காதுல வைக்கற அந்த ப்ளக் வாங்கிட்டியா? போன வருஷமே சொன்னேன், வாங்கறேன்னு சொன்ன. மஞ்சள் ஸ்பாஞ்சு வேண்டாம், அது கீச்சு சத்தத்தை எல்லாம் ரொம்ப அடைச்சுடும், பிள்ளைங்க பேசறது மொத்தையா கேக்கும், அதனால நீ நடுவுல கழட்டிடுவ. மியூசிக் வாசிக்கறவங்களுக்குன்னே தனியா இருக்கு, எல்லா சத்தத்தையும் கிட்டத்தட்ட ஒரே அளவுல குறைக்கும், டிரம் விளிம்புல விழற அடிகூட தெளிவாக் கேக்கும். அதை வாங்கு. பிள்ளைங்களுக்கு சத்தம் கம்மியா வர்ற ப்ராக்டிஸ் பேடு குடு, ஸ்நேர் டிரம் மேல துணி போடு, குச்சிக்கு பதிலா மெல்லிசுக் குச்சிங்களைச் சேத்துக் கட்டின ராடு இருக்கே அதைக் குடு. நீயும் எல்லாருக்கும் நடுவுல நிக்காம கொஞ்சம் தள்ளி நில்லு. ப்ளக் வாங்கு, இதைச் சொல்லிட்டேன்னு தெரியும், இன்னொரு தடவை சொல்றேன்.

நீ போன் பண்றதை நிறுத்திட்ட. மெசேஜ் மட்டும்தான் வருது. வேலை அதிகம்னு அப்பா சொல்றாங்க, இருக்கலாம். கடைசியா பேசினப்ப சட்டை பொருந்துச்சான்னு கேட்டேன், எந்த அட்டைன்னு கேட்ட. அதுக்கு முன்னாடியும் அத்தை பேசினதுக்கு நீ வேற எதையோ பதில் சொன்ன, அத்தை சிரிச்சுட்டாங்க, எனக்குச் சிரிப்பு வரல. லைன் சரியில்லம்மான்னு சொன்ன. அன்னைக்கு உன் குரல் எனக்குத் தெளிவாத்தான் கேட்டுச்சு.

சத்தத்தால காது கெடறது முதல்ல 4000 ஹெர்ட்ஸ் பக்கமா, அதாவது கீச்சு சத்தத்துலதான் ஆரம்பிக்கும், அதனால யாருக்கும் உடனே தெரியாது. சத்தம் வழக்கம்போலத்தான் கேக்கும், வார்த்தை மட்டும் உருண்டு போகும், ச, த மாதிரி எழுத்தெல்லாம் நழுவும், கூட்டத்துல பேசினா புரியாது. உள்காதுல இருக்கற அந்த மயிர் செல்லு செத்தா மனுஷங்களுக்குத் திரும்ப மொளைக்காது. தாத்தா தவிலை வெச்சுட்டதுக்கு அப்புறம் எப்படி இருந்தாங்கன்னு நீ பக்கத்துல இருந்து பாத்தவன், நாங்க பேசறப்ப எல்லாம் தலையை ஆட்டிட்டே இருப்பாங்களே. ராத்திரி படுத்தா காதுல உய்னு எதாவது கேக்குதா? அதை மட்டும் மறைக்காம சொல்லு. உன் வேலையை விடச் சொல்ல மாட்டேன், அந்தப் பொண்ணு ஒண்ணு விட்டு எடுக்கணும்னு கத்தினதைப் பாத்தவ நான், எப்படிச் சொல்லுவேன்.

காது எவ்வளவு கேக்குதுன்னு அளக்கற ஆடியோகிராம் ஒண்ணு எடுத்துடு. கிளாஸ் முடிஞ்ச கையோட போகாத, சத்தத்துல இருந்துட்டுப் போனா சரியா வராது, வாசிக்காம இருக்கற லீவு நாளுக்கு மறுநாள் காலையில போ. அந்த கிராஃப் பேப்பரை போட்டோ எடுத்து எனக்கு மட்டும் அனுப்பு. எல்லாம் சரியா இருந்தா இந்தப் பேச்சை மறுபடி எடுக்க மாட்டேன். சரியில்லன்னாலும் அனுப்பு, மேல என்ன பண்ணலாம்னு சேர்ந்து பாப்போம். போன்ல பேச கஷ்டமா இருந்தா வீடியோ கால் பண்ணு, என் வாயைப் பாத்துட்டே பேசலாம், நான் நிதானமாப் பேசறேன்.

அப்பாகிட்ட இதை இன்னும் சொல்லல.

அம்மா