ஹான் நதி அதிசயமும் பரண்மேல் தைத்த பிள்ளைகளும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'ஹான் நதி அதிசயம்' என்று சொல்லப்படும், தென்கொரியா முன்னேறிய கதையைச் சென்ற இதழில் படித்தேன். அப்போதைய ஜனாதிபதி பார்க் சுங் ஹீயின் இரும்புப்பிடி இல்லாவிட்டால் அந்த நாடு இன்னும் கையேந்திக்கொண்டுதான் இருந்திருக்கும் என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறார். 1964இல் 10 கோடி டாலராக இருந்த ஏற்றுமதி 1977இல் 1,000 கோடி டாலரைத் தொட்டது உண்மைதான். சியோலிலிருந்து பூசானுக்கு 428 கிலோமீட்டர் விரைவுச்சாலை 1970 ஜூலையில் திறக்கப்பட்டதும் உண்மை. ஆனால் கப்பலேறிய பெட்டிகளுக்குள் என்ன இருந்தது, அதைச் செய்த கைகள் யாருடையவை என்று ஒரு வரிகூட இல்லை. 1960களில் உடுப்பும் பிளைவுட்டும் விக்கும்தான் அவர்களுடைய முக்கிய ஏற்றுமதி. உடுப்பிலும் விக்கிலும் உழைத்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்திலிருந்து வந்த இளம்பெண்கள்.

கட்டுரைக்கு மேலே சியோல் நகரத்துச் சொங்கேசொன் ஓடையின் படத்தைப் போட்டிருந்தீர்கள். அந்த ஓடைக்கரையில் 'அமைதிச் சந்தை' என்று ஒன்று இருக்கிறது. 1960களில் கீழே துணிக்கடைகள், மேலே தையல் பட்டறைகள். ஒரு மாடியைப் பலகை போட்டு இரண்டாகத் தடுத்துவிடுவார்கள். பரணுக்கு உயரம் ஒன்றரை மீட்டர், நிமிர்ந்து நிற்க முடியாது. காற்றோட்டம் கிடையாது. நான் முப்பது வருஷம் கட்டிங் மேசையில் நின்றவன். சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் அன்றைக்கு எந்த நிறத் துணி வெட்டினோம் என்று கைக்குட்டை சொல்லிவிடும். எங்களுக்காவது ஜன்னல் இருந்தது.

அந்தப் பரணில் தையல்காரருக்கு நூல் வெட்டிக் கொடுத்து, துணி எடுத்துக் கொடுத்து, இஸ்திரி போடும் சிறுமிகளை 'ஷிடா' என்பார்கள். எங்கள் பக்கத்தில் கைமடி என்போமே, அதே வேலை. சராசரி வயது 15. ஒரு நாளைக்கு 14 மணி நேரம், மாதத்துக்கு இரண்டு நாள் லீவு. அங்கே தைத்தது பெரும்பாலும் உள்நாட்டுக் கடைகளுக்குத்தான், ஏற்றுமதிக்கு அல்ல. ஆனால் கூலியை அமுக்கி வைத்த வழி இரண்டுக்கும் ஒன்றுதான்.

அங்கே கட்டிங் வேலை பார்த்தவர் ஜொன் டே இல். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர். பஸ்ஸுக்கு வைத்திருந்த காசில் ஷிடாப் பிள்ளைகளுக்கு மாவுப் பணியாரம் வாங்கிக் கொடுத்துவிட்டு, நகரத்தின் வட ஓரத்திலிருந்த வீட்டுக்கு இரண்டு மூன்று மணி நேரம் நடந்தே போவாராம். நள்ளிரவு ஊரடங்கில் மாட்டிக்கொண்டு காவல் சாவடியிலேயே விடிய விடியக் கிடந்த நாளும் உண்டு.

தொழிலாளர் நலச் சட்டம் என்று ஒன்று இருப்பதே அவருக்கு அப்பா சொல்லித்தான் தெரியும். 1953இலேயே போட்ட சட்டம். ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்று தெளிவாக எழுதியிருக்கிறது. விளக்கவுரைப் புத்தகத்தை வாங்கிவந்தால் பக்கத்துக்குப் பக்கம் சீன எழுத்து, அவருக்குப் புரியவில்லை. கல்லூரியில் படிக்கும் நண்பன் ஒருவன் இருந்தால் கேட்டுக்கொள்ளலாமே என்று ஏங்கியிருக்கிறார். 1969இல் ஜனாதிபதி பார்க்குக்கு அவர் எழுதிய கடிதத்தில் கேட்டது என்ன தெரியுமா? 14 மணி நேரத்தை 10, 12 மணி நேரமாகக் குறையுங்கள். ஞாயிற்றுக்கிழமை லீவு கொடுங்கள். சட்டம் எட்டு என்கிறது, அவர் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் மன்றாடுகிறார். இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. சட்டம் கொடுத்ததைவிடக் குறைவாகக் கேட்டும் அந்த இரும்புப்பிடி அசையவில்லை.

1970 நவம்பர் 13. ஒன்றுக்கும் உதவாத சட்டப் புத்தகத்தைச் சந்தை வாசலில் வைத்து எரிப்பது என்று நண்பர்கள் முடிவு செய்திருந்தார்கள். போலீஸ் வந்து பதாகையைப் பிடுங்கியது. ஜொன் டே இல் புத்தகத்தோடு தன் உடம்புக்கும் தீ வைத்துக்கொண்டார். "நாங்கள் இயந்திரங்கள் அல்ல" என்று கத்திக்கொண்டே விழுந்தார். அன்றிரவே போய்விட்டார். வயது 22. விரைவுச்சாலை திறந்து நான்கே மாதம்.

இரண்டு வாரத்தில், நவம்பர் 27ஆம் தேதி, அங்கே சங்கம் உருவானது. மகன் விட்டதைத் தாய் லீ சோ சன் 2011இல் சாகும்வரை செய்தார். ஜொன் டே இல் ஏங்கிய கல்லூரி நண்பர்களும் வந்தார்கள், அவர் சாவுக்குப் பிறகு. 1980களில் படிப்பை மறைத்து ஆலை வேலைக்குச் சேர்ந்த மாணவர்கள் எத்தனையோ பேர்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1979 ஆகஸ்டில் ஒய்.எச். என்ற விக் கம்பெனியை மூடியபோது, 187 பெண்கள் எதிர்க்கட்சி அலுவலகத்தில் போய் உட்கார்ந்தார்கள். போலீஸ் உள்ளே புகுந்து அடித்தது. கிம் கியோங் சுக் என்ற 21 வயதுப் பெண் செத்துப்போனார். இடம் கொடுத்த கட்சித் தலைவர் கிம் யங் சாமை அக்டோபரில் நாடாளுமன்றத்திலிருந்தே நீக்கினார்கள். அவருடைய சொந்தப் பகுதியான பூசானும் மாசானும் கொதித்தெழுந்தன. அதை எப்படி அடக்குவது என்ற சச்சரவுக்கு நடுவே, அக்டோபர் 26 இரவு விருந்தில் பார்க்கைச் சுட்டவர் அவருடைய உளவுத்துறைத் தலைவரே. சர்வாதிகாரியின் முடிவு விக் பின்னிய பெண்களிடமிருந்து தொடங்கியது என்று சொன்னால் அது மிகையில்லை.

இரும்புப்பிடியைப் பாராட்டுகிறவர்கள் இந்தப் பெயர்களையும் சேர்த்து எழுத வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. கொரிய அரசே 2020இல் ஜொன் டே இல்லுக்கு உயரிய விருது கொடுத்து ஒப்புக்கொண்டுவிட்டது. நாம் மட்டும் ஏன் விட்டுவிட வேண்டும்?

அடுத்த முறை அந்த ஓடைப் படம் தேவைப்பட்டால், அமைதிச் சந்தைக்கு எதிரே உள்ள பாலத்தில் எடுத்ததாகப் பார்த்துப் போடுங்கள். அங்கே அவருக்கு இடுப்புக்கு மேலே மட்டும் ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டிங் மாஸ்டர் ஒருவர்,
திருப்பூர்