நாலாவது மனு

மதிப்புக்குரிய காவல் துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

என் அக்கா மகளை ஒரு பையன் தினமும் பின்தொடர்ந்து வருகிற விஷயம் உங்களுக்குத் தெரியும், மூன்று மனு உங்கள் மேசையில்தான் கிடக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனையும் எங்களையும் ஸ்டேஷனில் உட்கார வைத்து, "சின்னப் பையன், எதிர்காலம் போயிரும்" என்று பேசி, இனி பின்னாடி போகமாட்டேன் என்று அவனிடம் எழுதி வாங்கினீர்கள். திங்கட்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அதே தூணுக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றான்.

அதைச் சொன்னால், "பாப்பா, நீ வேற பஸ்ல போயேன்" என்றார் உங்கள் ஆள் ஒருவர். ஐயா, ஏற்காட்டுக்கு என்ன டவுன் பஸ் மாதிரி ஓடுகிறதா? ஜவுளிக்கடையில் வேலை முடிகிற நேரத்துக்கு அவளுக்கு இருப்பது ஒரே பஸ், அதை விட்டால் ராத்திரி சேலத்திலேயேதான் நிற்க வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவும் அவன் பின் சீட்டில் உட்கார்ந்து வருகிறான், இவள் டிரைவருக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்தபடி திரும்பியே பார்க்காமல் வருகிறாள். மேலே இறங்கினால் ஊருக்குக் காப்பித் தோட்டத்து வழியாக நடக்கணும். பகலெல்லாம் பழம் பறித்துவிட்டு வந்த அக்கா, டார்ச்சோடு தினமும் ரோட்டில் காத்து நிற்கிறாள். இப்போது வேலையையே விட்டுவிடு என்கிறோம், வேறு என்ன செய்ய?

எஃப்.ஐ.ஆர். போடுங்கள் என்றுதான் கேட்கிறோம். பெண்ணைப் பின்தொடர்வது 2013இலிருந்தே தனிக் குற்றம், பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நியாய சன்ஹிதாவில் 78ஆம் பிரிவு, முதல் தடவைக்கே சிறை உண்டு. இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது பாருங்கள்.

2016இல் நம் மாவட்டத்திலேயே, மகளின் படத்தை ஆபாசமாக மார்ஃபிங் செய்து போட்டுவிட்டார்கள் என்று புகார் கொடுத்த குடும்பம் சில நாளில் மகளையே இழந்தது. 2022இல் சென்னை பரங்கிமலை ரயில் நிலையத்தில் ஒரு மாணவியை ரயில் முன்னால் தள்ளியவனும் அவள் பின்னாலேயே சுற்றியவன்தான். முதலில் பின்னால் வருவான், அப்புறம் சமாதானம் பேசுவார்கள், அப்புறம் நீங்கள் பாரன்சிக் ஆட்களோடு வருவீர்கள். கோடை விழாவில் பூவால் செய்த பொம்மைக்குக்கூடப் பக்கத்தில் ஒரு போலீஸ் நிற்கிறார், எங்கள் பெண்ணும் பூவில் செய்திருந்தால் கவனித்திருப்பீர்களோ என்னவோ.

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கணும். உங்களிலும் நல்லவர்கள் உண்டு, ராத்திரி ரோந்து வண்டியில் அவளை ஊர் வரை கொண்டுவந்து விட்ட ஏட்டம்மாவை மறக்க மாட்டோம். ஆனால் அவர் தினமும் வர முடியாது, எஃப்.ஐ.ஆர். ஒரு தடவை போட்டால் போதும்.

நாளைக் காலை பத்து மணிக்கு நாலாவது மனுவோடு வருகிறோம். தயவுசெய்து, மனு வந்தது என்பதற்கு மட்டும் தருகிற சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்பிவிடாதீர்கள், எஃப்.ஐ.ஆர். நகல் கையில் வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறுவோம்.